கிராங்க் பேரிங் இடைவெளி: மைனர் 948, மூணாவதும் நாலாவதும் பிக் என்ட் ஒத்து வரல

தலவாக்கலை மைனர் எழுதியது:

வணக்கம். மொரிஸ் மைனர் 1000, 948 சிசி எஞ்சின், 1960 மாடல். கினிகத்தேனையிலிருந்து ஏறி ஹட்டன் வந்து ஐட்லிங்கில் விட்டா ஒயில் பிரஷர் லைட் மினுக்கும். இறக்கத்தில் அக்சலரேட்டரில் இருந்து காலை எடுத்த உடனே கீழே டொக் டொக்னு சத்தம். எஞ்சினைக் கழட்டிப் பார்த்தா கிராங்க் ஜேர்னல் (பேரிங்குக்குள்ள சுத்துற வட்டப் பகுதி) எல்லாம் கோடு விழுந்து, வட்டம் கெட்டுத் தேஞ்சு கிடந்தது. கண்டிப் பக்கம் ஒரு லேத்தில் கொடுத்து மெயின் (கிராங்க் பிளாக்கில் உட்காருற இடம்), பிக் என்ட் (கனெக்டிங் ரொட் கிராங்கைப் பிடிக்கிற இடம்) ரெண்டையும் 20 அன்டர் சைஸுக்கு, அதாவது 20 தவ் சின்னதா (ஒரு தவ்னா அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), கிரைண்ட் பண்ணி எடுத்தாச்சு. அதுக்கு ஏத்த 20 ஷெல் (ரெண்டு பாதியா வர்ற பேரிங் ஓடு) செட்டும் வந்துட்டுது.

மூடுறதுக்கு முதல் பச்சை பிளாஸ்டிகேஜ் வச்சு அளந்தேன் (நசுங்கின அகலத்தை அட்டையோட ஒப்பிட்டு இடைவெளி பார்க்கிற பிளாஸ்டிக் இழை; அகலம் கூடினா இடைவெளி குறைவு). எஞ்சின் ஸ்டாண்டில் தலைகீழா நிக்குது. ஷெல், ஜேர்னல் ரெண்டையும் ஒயில் இல்லாம துடைச்சு, மெயின் போல்ட் 60 றாத்தல் அடி, பிக் என்ட் போல்ட் 35 றாத்தல் அடி டோர்க் வச்சு இறுக்கி, கிராங்கைத் திருப்பாமலே கழட்டினேன்.

மெயின் முன்னுக்கும் நடுவிலும் ஒன்றரை தவ், பின்னுக்கு ரெண்டுக்குக் கொஞ்சம் குறைவு. பிக் என்டில் ஒண்ணாவதும் ரெண்டாவதும் ரெண்டு தவ். மூணாவதில் இழை ஒரு ஓரத்தில் அகலமாவும் மறு ஓரத்தில் மெல்லிசாவும் நசுங்கியிருக்கு. அகலமான பக்கம் ஒரு தவ், மெல்லிய பக்கம் ரெண்டு. நாலாவதில் இழை முழுக்க ஒரே அகலம், ஆனா அட்டையில் உள்ள ஒரு தவ் கோட்டை விட அகலம்.

மெனுவலில் மெயினுக்கு அரை தவ்வில் இருந்து ரெண்டு தவ், பிக் என்டுக்கு ஒண்ணில் இருந்து ரெண்டரை. லேத்தில் கேட்டா, “20 அடிச்சாச்சு, 20 ஷெல் போடுங்க, கையால சுத்தினா கிராங்க் சுத்துதே, அது போதும்” என்கிறாங்க. உண்மையா சுத்துது. மூடலாமா?

கட்டுகஸ்தோட்டை கிரைண்டர் எழுதியது:

மூட வேணாம் தம்பி. மூணாவதுக்கும் நாலாவதுக்கும் இருக்கிறது ஒரே கோளாறு இல்ல, ரெண்டு வேற வேற கோளாறு. நீங்க இழையின் அகலத்தை மட்டும் பார்க்காம அதன் வடிவத்தையும் எழுதியிருக்கிறதால தான் அதைச் சொல்ல முடியுது.

முதல்ல அந்த “20” பற்றி. 948 பிக் என்ட் ஜேர்னல் புதுசா இருக்கும்போது 1.6254 முதல் 1.6259 அங்குலம். இருபது தவ் எடுத்தா 1.6054க்கும் 1.6059க்கும் நடுவில் வரணும். கம்பனியே ஜேர்னலுக்கு அரை தவ் இடம் கொடுத்திருக்கு. ஷெல் தடிப்பில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், கனெக்டிங் ரொட் துளையிலும் இருக்கும். இந்த மூணும் ஒரே பக்கம் சாய்ஞ்சா பெட்டியில் 20னு அச்சடிச்சிருந்தும் இடைவெளி தப்பிப் போகும். கிரைண்ட் பண்ணின ஆள் நல்ல ஆளா இருந்தாலும் அப்படித்தான். போடப்போற கிராங்க், போடப்போற ஷெல், அந்தந்த ரொட், அந்தந்த கேப் (ரொட்டோட போல்ட் போட்டு இறுக்கிற மறுபாதி), எல்லாத்தையும் டோர்க் வச்சு இறுக்கி அளந்தா மட்டும் தான் இடைவெளி தெரியும்.

இப்ப செய்ய வேண்டியது. ரெண்டாவது ரொட்டில் உள்ள ஷெல்லை நாலாவதுக்கும், நாலாவதில் உள்ளதை ரெண்டாவதுக்கும் மாத்தி திரும்ப இழை வச்சுப் பாருங்க. இறுக்கம் ஷெல்லோட போச்சுன்னா ஷெல் தான் காரணம். நாலாவதிலேயே நின்னா ரொட்டைப் பார்க்கணும். நாலு ஜேர்னலையும் மைக்ரோமீட்டரில் அளந்து எழுதுங்க. ஒரு ஜேர்னலுக்கு முன் ஓரம், பின் ஓரம், ஒவ்வொரு இடத்திலும் ஒன்றுக்கொன்று குறுக்கா ரெண்டு தடவை. நாலு கணக்கும் ஒத்து நிக்கணும்.

மூணாவதுக்கு இன்னொரு கேள்வி. இந்த எஞ்சினில் பிக் என்ட் ரொட்டின் நடுவில் இருக்காது, ஒரு பக்கம் தள்ளி இருக்கும். ஒண்ணும் மூணும் ஒரு பக்கம், ரெண்டும் நாலும் மறுபக்கம். திருப்பிப் போட்டா ஷெல்லின் ஓரம் ஜேர்னல் மூலையில் உள்ள வளைவில் ஏறிடும். நீங்க சொன்ன மாதிரி ஒரு ஓரம் மட்டும் இறுகும். அதைப் பார்த்துட்டு சொல்லுங்க.

பழைய ஃபோர்மன் எழுதியது:

லிந்துலைப் பக்கம் தோட்டத்துக் கராஜில் ரொம்ப காலம் வேலை செஞ்சவன். மைனர், ஏ40, கேம்பிரிட்ஜ், லேண்ட்ரோவர் எல்லாம் இந்தக் கையால கட்டியிருக்கேன். எங்க காலத்தில் இந்த இழை எல்லாம் கிடையாது. ரொட்டை கிராங்கில் போட்டு இறுக்கி, ஒயில் விட்டு, ரொட்டை நேரா நிமிர்த்திப் பிடிச்சு விடுவோம். அது தன் பாரத்தில் மெதுவா இறங்கணும். டக்குனு விழுந்தா லூஸ், நின்னுட்டா இறுக்கம். அப்படிக் கட்டின எஞ்சின் றம்பொடை ஏறி நுவரெலியா போய் வந்திருக்கு.

ஆனா தம்பியோட நாலாவதைப் பத்தி ஒண்ணு சொல்லணும். 70 முதல் 77 வரைக்கும் வெளிநாட்டுச் சாமான் வர்றது ரொம்பக் கஷ்டம். ஷெல் கிடைக்காது. கிடைச்சாலும் வேணுங்கிற சைஸ் கிடைக்காது. பேரிங் தேஞ்சு சத்தம் போட்டா, கேப்போட வாயை (ரொட்டோட சேருகிற முகத்தை) அரத்தில் ராவி மட்டமாக்கி, திரும்ப இறுக்குவோம். இடைவெளி குறைஞ்சிடும், சத்தமும் நின்னுடும். சிலர் ஷெல்லுக்குப் பின்னால மெல்லிய தகரம் வைப்பாங்க. தேயிலை ஏத்த லொறி ஓடணும், டாக்டரைக் கூட்டிட்டு வர கார் ஓடணும், வேற வழி இல்ல. 1960 கார்னா அந்தக் காலத்தை இங்கேயே கடந்து வந்த எஞ்சின். நாலாவது கேப்பின் வாயில் அரக்கோடு இருக்கானு பாருங்க.

கட்டுகஸ்தோட்டை கிரைண்டர் எழுதியது:

ஐயா, ரொம்ப நன்றி. எனக்கு இது தோணவே இல்ல. நீங்க சொன்னது சரியா இருக்கும்னு நினைக்கிறேன்.

கையால பார்க்கிறதைப் பத்தி மட்டும் மரியாதையோட ஒரு வித்தியாசமான கருத்து. இறுக்கத்தைக் கை நல்லாச் சொல்லும். ஷெல் எங்கேயாவது கவ்வினா உடனே தெரியும். லூஸைக் கை சொல்லாது. ஒன்றரை தவ்வுக்கும் மூன்றரை தவ்வுக்கும் உள்ள வித்தியாசம் ரெண்டு தவ், ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஒயில் பூசின ரொட் ரெண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இறங்கும். ஓடும்போது அப்படி இல்ல. பேரிங் ஓரத்தால் கசியிற ஒயில் இடைவெளியின் மும்மடியில் கூடும். இடைவெளி ரெட்டிப்பானா கசிவு எட்டு மடங்கு. மூணு மெயின், நாலு பிக் என்ட், எல்லாத்துக்கும் ஒரே பம்ப் தான் ஒயில் தள்ளுது. ரெண்டு மூணு இடத்தில் கசிவு கூடினா, ஒயில் சூடாகி இளகின நேரம் ஐட்லிங்கில் லைட் மினுக்கும். தம்பி முதல் பதிவில் எழுதின அதே குறை. நூறு டிகிரி தாண்டி, எஞ்சின் மெதுவா சுத்திக்கிட்டு, நல்ல பாரத்தோட ஏறும்போது தான் ஒயில் படலத்துக்குச் சோதனை. நம்ம பாதைகள் முழுக்க அந்த நிலை தான்.

இந்தளவு ஜேர்னலுக்கு ஒரு கணக்கு வச்சுக்கலாம். ஜேர்னல் விட்டம் ஒரு அங்குலத்துக்கு முக்கால் தவ்வில் இருந்து ஒரு தவ் வரை இடைவெளி. 1.6 அங்குல ஜேர்னலுக்கு ஒண்ணேகாலில் இருந்து ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல வருது. மெனுவல் கணக்கின் கீழ்ப்பாதி. நான் கட்டினா பிக் என்டை ஒன்றரைக்கும் ரெண்டுக்கும் நடுவில் வைப்பேன்.

நுவரெலியா ஏ40 எழுதியது:

இடையில் ஒரு விஷயம், மேல் நாட்டுக்காரங்களுக்கு முக்கியம். மைக்ரோமீட்டரில் அளக்கிறவங்க குளிரைக் கணக்கில் எடுக்கணும். இங்க காலையில் கராஜுக்குள்ள பத்துப் பன்னிரண்டு டிகிரி தான் இருக்கும். இரும்புக் கிராங்க் முழுசும் அந்தக் குளிரில் ஊறிப் போயிருக்கும். மைக்ரோமீட்டரை உள்ளங்கையில் இறுக்கிப் பிடிச்சு வேலை செஞ்சா அதன் சட்டம் கை உஷ்ணத்தில் நீளும், அளவு உள்ளதை விடச் சின்னதாக் காட்டும். 1.6 அங்குல உருக்கு 15 டிகிரி வித்தியாசத்துக்குக் கிட்டத்தட்ட கால் தவ் மாறும். மெனுவல் ஜேர்னலுக்குக் கொடுக்கிற முழு இடமே அரை தவ். அதில் பாதி உங்க கைச் சூட்டிலேயே போயிடும்.

கிராங்க், ரொட், ஷெல், மைக்ரோமீட்டர், அதோட வர்ற சரிபார்க்கிற கோல், எல்லாத்தையும் ஒரே மேசையில் ராத்திரி முழுக்க வச்சுட்டு மறுநாள் பகல்ல அளங்க. மைக்ரோமீட்டரைச் சின்னத் தாங்கியில் நிறுத்தலாம், இல்லாட்டி துணியால பிடிக்கலாம். கீழ் நாட்டிலிருந்து வந்த கிராங்கை வானில் இருந்து இறக்கின கையோட அளக்க வேணாம். பிளாஸ்டிகேஜில் இந்தப் பிரச்சினை குறைவு. அங்க கிராங்கும் ரொட்டும் ஒரே குளிரில் இருக்கும், ரெண்டும் சேர்ந்தே சுருங்கும்.

புசல்லாவை பிரிஃபெக்ட் எழுதியது:

எனக்கு ஒரு கேள்வி. பிளாஸ்டிகேஜ் இங்க லேசில் கிடைக்கல. பஞ்சிகாவத்தையில் கேட்டா ரொம்ப நாள் கிடந்ததைத் தர்றாங்க. அதுக்குப் பதிலா சால்டர் ஈயக் கம்பியை வச்சு நசுக்கி அளக்கலாமா? என்னோடது 1950 ஃபோர்ட் பிரிஃபெக்ட். அதில் தனி ஷெல்லே இல்ல.

கட்டுகஸ்தோட்டை கிரைண்டர் எழுதியது:

ஈயக் கம்பி வேணாம். நசுங்கிறதுக்கு நிறைய அழுத்தம் வேணும், மிருதுவான பேரிங் மேல தடம் பதிஞ்சிடும். பழைய பிளாஸ்டிகேஜ் காய்ஞ்சு விறைச்சுப் போயிருந்தா நம்ப முடியாது. விரலால வளைச்சா ஒடிஞ்சுதுன்னா தூக்கிப் போடுங்க. நிறம் பார்த்து வாங்குங்க. பச்சை ஒண்ணில் இருந்து மூணு தவ் வரை, சிவப்பு ரெண்டில் இருந்து ஆறு, நீலம் நாலில் இருந்து ஒன்பது. நமக்கு வேண்டியது பச்சை மட்டும்.

உங்க பிரிஃபெக்டின் பழைய சைட் வால்வ் எஞ்சினில் வெள்ளை உலோகத்தை ரொட்டிலேயே வார்த்திருக்கும். அது வேற வேலை. வார்த்து, துளையிட்டு, நீலம் (எங்க படுதுன்னு காட்டுற சாயம்) பூசி, சுரண்டி ஒட்ட வைக்கணும். அதில் ஐயா மாதிரி கை பழகினவங்க சொல்றதைத் தான் நானும் கேட்பேன்.

பழைய ஃபோர்மன் எழுதியது:

பிரிஃபெக்டுக்குச் சுரண்டுறது பொறுமையான வேலை. ஜேர்னலில் நீலத்தை மெல்லிசாப் பூசணும், தடிப்பாப் பூசினா எல்லா இடமும் பட்ட மாதிரி பொய் காட்டும். கேப்பைப் போட்டு இறுக்கி ரெண்டு சுத்து சுத்தி, கழட்டி, நீலம் ஒட்டின மேட்டை மட்டும் சுரண்டியால் லேசா எடுக்கணும். திரும்பப் பூசி திரும்பப் பார்க்கணும். புள்ளிப் புள்ளியா முக்கால்வாசி இடம் பரவலா நீலம் பட்டா நல்லது. ஓரத்தில் மட்டும் பட்டா இன்னும் வேலை இருக்கு. கடைசியா கேப்புக்குக் கீழ ஷிம் (மெல்லிய தகடு) இருந்தா அதில் தான் இடைவெளியைச் சரிப்படுத்தணும், அரத்தைத் தொடக் கூடாது. தனிப் பதிவு போட்டு எழுதுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.

தலவாக்கலை மைனர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சொன்ன மாதிரி எல்லாத்தையும் ராத்திரி முழுக்க ஒரே மேசையில் வச்சு அளந்தேன்.

ஜேர்னல் நாலும் 1.6056க்கும் 1.6058க்கும் நடுவில். வட்டமும் சரி, ஓரத்துக்கு ஓரம் சாய்வும் இல்ல. கிரைண்ட் வேலையின் விட்டத்தில் குறை சொல்ல முடியாது.

ஷெல்லை ரெண்டுக்கும் நாலுக்கும் மாத்திப் பார்த்தேன். இறுக்கம் நாலாவது ரொட்டிலேயே நிக்குது.

ஃபோர்மன் ஐயா சொன்னது அப்படியே இருக்கு. நாலாவது கேப்பின் வாயில் குறுக்கா மெல்லிய அரக்கோடுகள். மத்த மூணிலும் கம்பனி மெஷின் தடம் தான். ஷெல் இல்லாம கேப்பை 35க்கு இறுக்கி டெலஸ்கோப்பிக் கேஜ் வச்சு துளையை அளந்தேன். கேப் பிரியிற கோட்டுக்கு நேர்க்குறுக்கே, மத்த மூணு ரொட்டை விட ஒன்றரை தவ் குறைவு. கோட்டோட போற திசையில் எல்லாம் ஒரே அளவு.

மூணாவது ரொட் சரியான பக்கம் தான் பார்த்து நிக்குது. எண்ணும் கேப்பும் ஒத்து வருது. அப்போ மூணாவதுக்கு என்ன?

கட்டுகஸ்தோட்டை கிரைண்டர் எழுதியது:

நாலாவது தெளிவு. ராவினதால் துளை வட்டம் கெட்டுப் போச்சு. ஷெல்லும் அதே வடிவத்துக்கு நசுங்கும். ஷெல்லின் ரெண்டு பாதியும் ரொட் வாய்க்கு மேல மயிரிழை தூக்கி நிக்கிறது வேணும்னே செஞ்சது தான், அந்த நெருக்கம் தான் ஷெல்லைத் துளையோட இறுக்கிப் பிடிச்சு சூட்டை வெளியே கடத்துது. கேப்பை ராவினா அந்த நெருக்கம் அளவு மீறிப் போய், சேருகிற இடத்தில் ஷெல் உள்பக்கம் பிதுங்கும். ராவின பழைய ரொட்டில் 20 புது ஷெல் போட்டு ஓட்டினா முதல் ஏற்றத்திலேயே பிடிச்சுக்கலாம்.

இதுக்கு ரெண்டு வழி. அந்த ரொட்டின் துளையைக் கேப்போட இறுக்கி, ஹோனிங் மெஷினில் கம்பனி அளவுக்கு வட்டமாக்கலாம். உங்க கேப்பில் போனது ஒன்றரை தவ் தான், அதனால இது சுகமா முடியும். இல்லாட்டி வேற எஞ்சினில் இருந்து நல்ல ரொட் ஒண்ணு எடுக்கலாம். அப்படி எடுத்தா எடை மத்த மூணோட ஒத்து வரணும், துளையையும் இதே மாதிரி அளக்கணும். இன்னொரு ராவின ரொட்டை வாங்கிட்டு வராதீங்க. நான்னா உங்க ரொட்டையே சரி பண்ணுவேன்.

ஒண்ணு கவனிங்க. 948 ரொட்டில் கேப் நேரா பிரியாது, சாய்வாப் பிரியும். பிளாஸ்டிகேஜையும் துளை அளவையும் அந்தச் சாய்வுக் கோட்டுக்கு நேர்க்குறுக்கே தான் எடுக்கணும். ஷெல் சேருகிற ஓரத்தில் வேணும்னே கொஞ்சம் மெல்லிசா இருக்கும். அந்த இடத்தில் அளந்தா இடைவெளி கூடவாக் காட்டும்.

மூணாவதுக்கு நான் சந்தேகப்படுறது ஜேர்னல் மூலை. ஜேர்னலும் வெப்பும் (கிராங்கின் பக்கச் சுவர்) சேருகிற இடத்தில் ஒரு வளைவு விட்டுக் கிரைண்ட் பண்ணணும். அந்த வளைவு கிராங்குக்கு உயிர், மூலை கூர்மையா இருந்தா அங்க தான் வெடிப்பு ஆரம்பிக்கும். ஆனா கல்லின் ஓரம் தேஞ்சு வளைவு பெருசாப் போனா, ஷெல்லின் ஓரம் அதில் ஏறிடும். அந்த மூலையில் நீலம் பூசி, இழை இல்லாம, ஒயில் தொட்டு கேப்பைப் போட்டு ஒரு சுத்து சுத்துங்க. ஷெல் ஓரத்தில் நீலம் பட்டா அது தான்.

பதுளை லேண்ட்ரோவர் எழுதியது:

இந்தப் பேச்சு போற நேரத்தில் எல்லாரும் மறந்து போற ஒண்ணைக் கேட்கணும். கிராங்கோட முன்பின் ஆட்டம் அளந்தீங்களா?

நம்ம வளைவுகளில் கிளட்ச் வேலை ரொம்ப. பெரகலையில் இருந்து ஹப்புத்தளை ஏறும்போது ஒவ்வொரு வளைவுக்கும் கிளட்சை மிதிக்கிறோம், ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால பாதி மிதிச்சுக்கிட்டே நிக்கிறோம். மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் கிராங்க் முன்னுக்குத் தள்ளுப்படுது. அதைத் தாங்குறது நடு மெயினுக்கு ரெண்டு பக்கமும் உள்ள அரைவட்ட த்ரஸ்ட் வாஷர் மட்டும் தான். சமதரையில் ஓடின காரை விட இங்க அது சீக்கிரம் தேயும். ரொம்பத் தேஞ்சா கிளட்சை மிதிக்கும்போது முன்னுக்கு உள்ள பெல்ட் புல்லி அசையிறது கண்ணுக்கே தெரியும். அதுக்கும் மேல போனா வாஷர் கழன்று விழுந்து கிராங்க் முகமே பிளாக்கை அரைக்கும்.

கட்டுகஸ்தோட்டை கிரைண்டர் எழுதியது:

சரியான கேள்வி. 948க்கு முன்பின் ஆட்டம் ரெண்டில் இருந்து மூணு தவ். நடு கேப்பை இறுக்கி, கிராங்கை ஸ்குரூ டிரைவரால் முன்னுக்கு நெம்பி முகத்துக்கும் வாஷருக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கலாம். டயல் கேஜ் இருந்தா கிராங்க் மூக்கில் வச்சு அளக்கிறது இன்னும் நல்லது. கூட இருந்தா மூணு தவ் தடிப்புக் கூடின வாஷர் கிடைக்கும். ஒயில் காடி உள்ள பக்கம் கிராங்கைப் பார்த்து இருக்கணும். திருப்பிப் போட்ட எஞ்சின்கள் என் கைக்கு வந்திருக்கு, காடி பிளாக்கைப் பார்த்து, கிராங்க் முகம் மொட்டையா அரைஞ்சு.

தலவாக்கலை மைனர் எழுதியது:

மூணாவதில் நீலம் ஷெல் ஓரத்தில் பட்டுது. பின் பக்க மூலையில், முழு வட்டமும் மெல்லிய கோடா. மத்த மூணு ஜேர்னலிலும் படல.

முன்பின் ஆட்டம் ஆறு தவ். பழைய வாஷரோட. கூடின வாஷர் சொல்லி வச்சிருக்கேன்.

மூலையை என்ன செய்யலாம்? ஷெல் ஓரத்தைச் சுரண்டியால் கொஞ்சம் சாய்ச்சு எடுத்துடலாம்னு பக்கத்துக் கராஜ் அண்ணன் சொல்றார்.

பழைய ஃபோர்மன் எழுதியது:

சுரண்டலாம். நாங்க அப்படிச் செஞ்சிருக்கோம். ஷெல்லின் ஓரத்தை மயிரளவு சாய்ச்சு விட்டா வளைவில் ஏறாது. முதுகுப் பக்கம் தொடக் கூடாது, உள் ஓரம் மட்டும்.

கட்டுகஸ்தோட்டை கிரைண்டர் எழுதியது:

ஐயா சொல்றது நடக்கும், நல்ல கையால செஞ்சா பிழை இல்ல. அவசரத்துக்கு நானும் செய்வேன். ஆனா இந்த இடத்தில் கிராங்கைச் சரி பண்றது நல்லதுன்னு நினைக்கிறேன். குறை கிராங்கில் இருக்கு. ஷெல்லைச் சுரண்டி மூடினா, பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சு இதே எஞ்சினைத் திறக்கிறவர் புது ஷெல் எடுத்து அப்படியே போடுவார். அவருக்கு இந்த மூலை தெரியாது. ராவின கேப் உங்களுக்கு வந்து சேர்ந்த மாதிரி இது அவருக்குப் போகும்.

கிரைண்ட் பண்ணின இடத்துக்கே கொண்டு போங்க. நீலம் பட்ட ஷெல்லையும் கையோட கொண்டு போய்க் காட்டுங்க. கல்லின் ஓரத்தைச் சரியான வளைவுக்குச் சீவி, மூலையை மட்டும் தொட்டு எடுக்கச் சொல்லுங்க. ஜேர்னல் விட்டத்தைத் தொடக் கூடாது, மூலையைக் கூர்மையாக்கவும் கூடாது. மத்த மூணு ஜேர்னலில் உள்ள வளைவு தான் அளவு. ரொட் துளையையும் அதே நேரம் கொடுத்திடலாம். வெடிப்புப் பார்க்கிற காந்த மெஷின் அங்க இருந்தா அதையும் பார்த்துக்கச் சொல்லுங்க, இந்த வயசுக் கிராங்குக்கு அது வீண் செலவு இல்ல.

வந்ததும் கிராங்கின் ஒயில் துளைகளைக் கழுவணும். கிரைண்ட் தூள் துளைக்குள்ள போய் ஒயில் பிசினோட ஒட்டிக்கிட்டு நிக்கும். மண்ணெண்ணெயும் மெல்லிய பிரஷும் போட்டு, மெயினில் இருந்து பிக் என்ட் வரைக்கும் ஒவ்வொரு வழியாவும் பிரஷ் வெளியே வரும் வரை தேய்ச்சு, காற்று அடிச்சு, வெள்ளைத் துணியில் கறுப்பு வராம போகும் வரைக்கும் செய்யுங்க. இவ்வளவு அளந்த ஷெல்லையும் முதல் அரை மணி நேரத்தில் அந்தத் தூள் கீறிப் போட்டுடும். பிளாக்கின் ஒயில் வழிகளும் அப்படியே.

நுவரெலியா ஏ40 எழுதியது:

திரும்ப அளக்கும்போது மெயினையும் சேர்த்து அளங்க. எஞ்சினை நேரா நிறுத்தி கீழே படுத்து அளக்கிறவங்க இருக்காங்க. அப்படி அளந்தா கிராங்கின் பாரம் கீழ் ஷெல்லை அழுத்தும், இழை உள்ளதை விட அகலமா நசுங்கி இடைவெளி குறைவாக் காட்டும். தலைகீழா வச்சு அளக்கிறது தான் சரி, தம்பி அதைத் தொடக்கத்திலேயே சரியாச் செஞ்சிருக்கார்.

தலவாக்கலை மைனர் எழுதியது:

கிராங்கும் ரொட்டும் வந்துட்டுது. லேத்தில் ஷெல்லைக் காட்டினதும் மறு பேச்சு இல்லாம மூலையைச் சரி பண்ணிக் கொடுத்தாங்க, அதுக்குக் காசும் எடுக்கல. காந்த மெஷினில் வெடிப்பு எதுவும் காட்டல.

கழுவி, திரும்ப ராத்திரி மேசையில் வச்சு, எல்லாத்தையும் அளந்தேன். மெயின் முன் மாதிரியே. பிக் என்ட் ஒண்ணும் ரெண்டும் ரெண்டு தவ், மூணும் நாலும் ரெண்டுக்குச் சற்றுக் குறைவு. மூணாவதில் இழை ஓரத்துக்கு ஓரம் ஒரே அகலம். கூடின வாஷர் போட்டதும் முன்பின் ஆட்டம் மூணு தவ். ரொட்டின் பக்க ஆட்டமும் பார்த்தேன், எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் எல்லாம் வருது.

பிக் என்ட் போல்ட்டின் பூட்டுத் தகடுகளை புதுசா வாங்கிட்டேன். வேற என்ன கவனிக்கணும்?

கட்டுகஸ்தோட்டை கிரைண்டர் எழுதியது:

இந்தக் கணக்கில் மூடலாம். நசுங்கின இழையை நகத்தால் சுரண்டாதீங்க, ஒயில் தொட்ட துணியால் துடைச்சா கரைஞ்சு வரும். ஷெல்லின் முதுகும் அது உட்காருகிற துளையும் உலர்ந்து சுத்தமா இருக்கணும், உள் பக்கம் நிறைய ஒயில். ஒவ்வொரு கேப்பை இறுக்கினதும் கிராங்கை ஒரு சுத்து சுத்திப் பாருங்க. ஃபோர்மன் ஐயாவின் கைச் சோதனைக்கு இது தான் இடம். ஒரு கேப்பை இறுக்கினதும் சட்டுனு பாரமானா அந்தக் கேப்பிலேயே நின்னு காரணம் தேடலாம், கடைசியில் ஏழையும் கழட்ட வேண்டி வராது.

ஸ்டார்ட் பண்றதுக்கு முதல் ஒயில் பம்பை நிரப்புங்க. இந்த எஞ்சின் பிரிச்சு மூடினதும் பம்ப் லேசில் ஒயில் இழுக்காது. பிளக் நாலையும் கழட்டி, ஒயில் லைட் அணையும் வரைக்கும் ஸ்டார்ட்டரால் சுத்துங்க, இடையில் ஸ்டார்ட்டருக்கு ஓய்வு கொடுத்துக்கொடுத்து. லைட் அணைஞ்ச பிறகு தான் பிளக் போடணும்.

முடிஞ்சா ஒரு பிரஷர் கேஜும் பூட்டுங்க. லைட் ரொம்பக் குறைஞ்ச பிறகு தான் எரியும். ஓடும்போது 60 பி.எஸ்.ஐ.யைத் தொட்டு, சூடான ஐட்லிங்கில் 15 கிட்ட நின்னா மெனுவல் சொல்ற கணக்கு. 20டபிள்யூ50 ஒயில் போதும்.

பழைய ஃபோர்மன் எழுதியது:

முதல் ஆயிரம் மைலுக்கு ஏற்றத்தில் டொப் கியரில் முக்க விடாதீங்க. எஞ்சின் திணறுதுன்னு காதுக்குப் பட்ட உடனே கியரைக் குறைச்சிடுங்க. வேகமா சுத்துறதை விட மெதுவா முக்குறது தான் புது பிக் என்டுக்குக் கெடுதல். இறக்கத்தில் ரெண்டாம் கியரில் விட்டு காலை எடுத்து, பழைய டொக் டொக் இருக்கானு கேளுங்க. லிந்துலையில் இருந்து தலவாக்கலைக்கு இறங்குறதே போதும் அதுக்கு.

தலவாக்கலை மைனர் எழுதியது:

ஓடுது. கேஜ் பூட்டினேன். ஹட்டன் வரை போய் வந்து, நல்லாச் சூடான பிறகு ஐட்லிங்கில் 18, ஓடும்போது 55க்கு மேல. இறக்கத்தில் சத்தம் இல்ல. ஃபோர்மன் ஐயாவுக்கும் கட்டுகஸ்தோட்டை அண்ணனுக்கும் மனசார நன்றி.

பதுளை லேண்ட்ரோவர் எழுதியது:

நல்ல செய்தி. என் சீரீஸ் டூ ஏ, 2.25 பெட்ரோல், மூணு மெயின் கிராங்க். அடுத்த மாசம் இறக்கப் போறேன். அதுவும் தோட்டத்தில் இருந்து வந்த வண்டி. கிராங்கை மட்டும் கிரைண்டுக்குக் கொடுத்தாப் போதுமா?

கட்டுகஸ்தோட்டை கிரைண்டர் எழுதியது:

போதாது. ரொட் நாலையும் கேப்போட கொண்டு வாங்க. பிளாக்கையும் மெயின் கேப்போட கொண்டு வாங்க. கேப்பைக் கழட்ட முதல் எது எந்த இடம், எந்தப் பக்கம் முன்னுக்குன்னு புள்ளி போட்டுக் குறிச்சுக்குங்க. முதல்ல ஷெல் இல்லாம எல்லாத் துளையும் அளந்து, ராவின கேப் இருக்கானு பார்த்துட்டு, அப்புறம் தான் கிராங்கில் கை வைப்பேன். புது ஷெல்லும் அதுவரை வாங்க வேணாம், என்ன சைஸ்னு அளந்த பிறகு சொல்றேன்.